ஸ்பானிய இறந்தகாலம் தடுமாறும்போது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ஸ்பானிய மொழி கற்கும் தமிழருக்கு, இறந்தகால வினைவடிவங்களை மனப்பாடம் செய்து முடித்த பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. விகுதி சரியாக இருக்கும், உச்சரிப்பும் பரவாயில்லாமல் இருக்கும், ஆனாலும் கேட்பவர் ஒரு கணம் தயங்கிவிட்டு, "பிறகு என்ன நடந்தது?" என்றோ, "இப்போது அங்கே இல்லையா?" என்றோ எதிர்பாராத கேள்வி கேட்பார். இரண்டு இறந்தகாலங்களில் பொருந்தாததைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள் என்பதே பெரும்பாலும் அதன் பொருள்.

கீழே வரும் வழிமுறை நான்கு வடிவங்களைப் பற்றியது. "வந்தேன்" என்று நிகழ்வை முழுதாகச் சொல்வது இந்தெஃபினிதோ. நிகழ்வின் உள்ளே நின்று, முடிவைக் காட்டாமல் சொல்வது இம்பெர்ஃபெக்தோ. "வந்திருக்கிறேன்" என்பதற்கு நெருக்கமானது பெர்ஃபெக்தோ. வேறொரு பழைய நிகழ்வுக்கும் முந்தியதைச் சொல்வது ப்லுஸ்குவாம்பெர்ஃபெக்தோ. ஸ்பானியச் சொற்களை லத்தீன் அமெரிக்க உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன்.

இம்பெர்ஃபெக்தோவுக்குப் பாடநூல்கள் தரும் விளக்கங்களைவிட, வெனிசுவேலாவில் பிறந்த இலக்கணியர் அந்த்ரெஸ் பெய்யோ 1847இல் சிலியின் சாந்தியாகோவில் வெளியிட்ட இலக்கணத்தில் வைத்த பெயரே அதிகம் உதவும். அவர் அதைக் கோப்ரெதெரிதோ, அதாவது இன்னொரு கடந்தகால நிகழ்வோடு உடன் நிலவிய கடந்தகாலம், என்று அழைத்தார். மெக்சிகோவில் இன்றும் அந்தப் பெயர் வழங்குகிறது. ஆகவே எந்த அறிகுறியானாலும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த வினையின் முடிவைக் கேட்பவருக்குக் காட்டுகிறேனா, அல்லது அது நடந்துகொண்டிருந்த நேரத்தில் வேறொன்று நிகழ்ந்ததைச் சொல்லப் போகிறேனா? எப்போது நடந்தது, எவ்வளவு காலம் நடந்தது என்ற கேள்விகள் இந்தத் தேர்வைத் தீர்மானிப்பதில்லை.

அறிகுறி: நீண்டகாலம் நடந்ததையெல்லாம் இம்பெர்ஃபெக்தோவில் சொல்கிறீர்கள்

"லிமாவில் பத்து வருடம் வசித்தேன்" என்பதற்குப் பிபியா தியெஸ் ஆஞோஸ் என் லிமா என்று எழுதுவது, நான் பார்த்தவரை, மிகப் பரவலான பிழை. பத்து வருடம் நீண்ட காலம், நீண்ட காலம் என்றால் தொடர்ச்சி, தொடர்ச்சி என்றால் இம்பெர்ஃபெக்தோ என்று மனம் கணக்குப் போடுகிறது. ஆனால் "பத்து வருடம்" என்று அளவு சொன்ன மாத்திரத்திலேயே அந்தக் காலத்தை மூடிவிட்டீர்கள்; அதற்கு ஒரு தொடக்கமும் முடிவும் வந்துவிட்டன. எனவே பிபி தியெஸ் ஆஞோஸ் என் லிமா என்று இந்தெஃபினிதோவில் சொல்ல வேண்டும். நூறு ஆண்டு நடந்த போரும் மூடப்பட்டால் இந்தெஃபினிதோதான். அரை நிமிடம் நீடித்த தயக்கமும் திறந்தே இருந்தால் இம்பெர்ஃபெக்தோதான்.

இங்கே தமிழே ஒரு நல்ல சோதனையைத் தருகிறது. பழைய வழக்கங்களை நினைவுகூரும்போது தமிழில் நாம் எதிர்கால வடிவத்தைப் பயன்படுத்துகிறோம்: "சிறு வயதில் ஞாயிறுதோறும் பாட்டி வீட்டுக்குப் போவோம், பாட்டி பலகாரம் செய்து தருவாள்." இந்தப் "போவோம்", "தருவாள்" இரண்டும் ஸ்பானியத்தில் இம்பெர்ஃபெக்தோவாகவே வரும்: இபாமோஸ், அஸியா. இப்போது "போன ஞாயிறு பாட்டி வீட்டுக்குப் போவோம்" என்று சொல்லிப் பாருங்கள், வாக்கியம் நிற்காது. "அப்போது பத்து வருடம் லிமாவில் வசிப்பேன்" என்பதும் நிற்காது. நிற்காத இடத்தில் இந்தெஃபினிதோவைத் தேடுங்கள். எண்ணிக்கை வரும் இடங்களிலும் சோதனை பிசகுவதில்லை. "அந்த வருடம் மூன்று முறை போவோம்" என்று கடந்ததைப் பற்றிச் சொல்ல முடியாது, ஆகவே ஃபுயிமோஸ் த்ரெஸ் பெஸெஸ். "வருடத்துக்கு மூன்று முறை போவோம்" என்று தாராளமாகச் சொல்லலாம், ஆகவே இபாமோஸ் த்ரெஸ் பெஸெஸ் அல் ஆஞோ. வகுப்பில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பது வியப்புதான், ஏனென்றால் ஆங்கில வழி விளக்கங்களைவிட இது விரைவாக வேலை செய்கிறது.

இந்தச் சோதனைக்கு எல்லை உண்டு. அது பழக்கங்களை மட்டுமே பிடிக்கும். ஒரே ஒரு காட்சியின் பின்னணியையும் நிலைகளையும் அது பிடிக்காது.

அறிகுறி: "இருந்தது" வந்தால் கை தானாக எரா என்று எழுதுகிறது

தமிழில் "இருந்தது" என்ற ஒரே சொல் செய்யும் வேலையை ஸ்பானியம் ஆறு சொற்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது: எரா, ஃபுவே, எஸ்தாபா, எஸ்துபோ, அபியா, உபோ. தன்மை, நிலை, உளதாதல் என்ற பிரிவை நிகழ்கால வகுப்பிலேயே கற்றிருப்பீர்கள்; அதனால் இங்கே ஒவ்வொரு இணையிலும் எது என்பது மட்டுமே கேள்வி.

"தேர்வு கடினமாக இருந்தது" என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். தேர்வு எழுதிவிட்டு வெளியே வந்து தீர்ப்புச் சொல்கிறீர்கள் என்றால் எல் எக்ஸாமென் ஃபுவே திஃபிஸில். தேர்வறையில் உட்கார்ந்திருந்த நேரத்தைக் கதையாகச் சொல்லி, "தேர்வு கடினமாக இருந்தது, நேரமும் போய்க்கொண்டிருந்தது, அப்போது மின்சாரம் நின்றது" என்று தொடரப் போகிறீர்கள் என்றால் எரா திஃபிஸில். இதே போல "படம் பிடித்திருந்தது" என்று திரையரங்கை விட்டு வந்ததும் சொன்னால் மே குஸ்தோ. "சின்ன வயதில் அந்தப் படம் எனக்கு மிகவும் பிடிக்கும்" என்றால் மே குஸ்தாபா. பின்னதில் மறுபடியும் "பிடிக்கும்" என்ற எதிர்கால வடிவம் எட்டிப் பார்ப்பதைக் கவனியுங்கள்.

எஸ்தாபா என் லிமா என்று சொல்லி நிறுத்தினால் கேட்பவர் காத்திருப்பார். லிமாவில் இருந்தபோது என்ன ஆயிற்று என்ற கேள்வி திறந்தே நிற்கிறது. "2015இல் லிமாவுக்குப் போய் வந்திருக்கிறேன்" என்ற செய்தியை மட்டும் சொல்ல வேண்டுமானால் எஸ்துபே என் லிமா என் 2015 என்பதே சரி. முதல் பத்தியில் சொன்ன "பிறகு என்ன நடந்தது?" என்ற கேள்வி பெரும்பாலும் இந்த எஸ்தாபாவினால் வருவது.

அபியா, உபோ இணை இவற்றைவிட எளிது. ஏற்கெனவே அங்கே இருந்ததற்கு அபியா, நிகழ்ந்ததற்கு உபோ. அபியா முச்சா ஹெந்தே என்றால் கூட்டம் இருந்தது. உபோ உன் அக்ஸிதெந்தே என்றால் விபத்து நடந்தது. பன்மைப் பொருள் வந்தாலும் இரண்டும் ஒருமையிலேயே நிற்கும். அபியான் என்று பன்மையாக்கிப் பேசுவது பல நாடுகளில் காதில் விழும், ஆனால் எழுத்தில் அதைப் பிழையாகவே கருதுகிறார்கள்.

மணியும் வயதும் எப்போதும் பின்னணிதான். எரான் லாஸ் தியெஸ் (மணி பத்து), தெனியா பெயின்தே ஆஞோஸ் (இருபது வயது) என்று இம்பெர்ஃபெக்தோவில் எழுதிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடலாம். இருபது வயது நிறைந்த அந்த நாளைச் சொன்னால் மட்டும் கும்ப்லி பெயின்தே ஆஞோஸ் என்று வினையும் காலமும் சேர்ந்து மாறும்.

அறிகுறி: குறிப்புச்சொற்களின் பட்டியலை நம்பியும் பிழை வருகிறது

பயிற்சி நூல்களில் இரண்டு பத்திகளாக ஒரு பட்டியல் இருக்கும்: அயேர் (நேற்று) வந்தால் இந்தெஃபினிதோ, ஸியெம்ப்ரே (எப்போதும்) வந்தால் இம்பெர்ஃபெக்தோ. கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சிக்கு அது போதும், பேச்சுக்குப் போதாது. "நேற்று மூன்று மணிக்குத் தூங்கிக்கொண்டிருந்தேன்" என்பது அயேர் அ லாஸ் த்ரெஸ் தொர்மியா. "எனக்கு எப்போதுமே மருத்துவராக வேண்டும் என்ற ஆசை" என்று வாழ்நாளைத் திரும்பிப் பார்த்துச் சொல்பவர் ஸியெம்ப்ரே கிஸே ஸெர் மெதிக்கோ என்கிறார். நேற்றைய குளிரைப் பற்றி அயேர் இஸோ ஃப்ரியோ, அயேர் அஸியா ஃப்ரியோ என்ற இரண்டுமே சரி: முன்னது நாள் முழுவதையும் பற்றிய அறிக்கை, பின்னது ஏதோ ஒரு கதையின் முன்னுரை.

பட்டியலை முற்றிலும் எறிந்துவிட வேண்டியதில்லை. தே ரெபெந்தே (திடீரென்று) போன்ற சில சொற்கள் ஏறக்குறைய எப்போதும் இந்தெஃபினிதோவையே அழைத்து வருகின்றன. மற்றவற்றில், சொல்லைப் பார்க்காமல் வினையைப் பாருங்கள்.

அறிகுறி: "தெரியும்" என்று சொல்ல நினைத்தது "தெரியவந்தது" என்று போய்ச் சேர்கிறது

அவனுக்குத் திருமணம் ஆன செய்தி ஏற்கெனவே உங்களுக்குத் தெரியும் என்று சொல்ல நினைத்து லோ ஸுப்பே என்றால், கேட்பவர் "யார் சொன்னார்கள்?" என்பார். ஸுப்பே என்பது தெரியவந்த கணம். தெரிந்த நிலையில் இருந்தது ஸபியா.

இந்த வினைகளில் காலம் மாறினால் அர்த்தமே மாறிவிடுகிறது என்று பாடநூல்கள் தனிப் பட்டியல் போடுகின்றன. அதில் எனக்கு உடன்பாடில்லை. அறிதல் ஒரு நிலை. நிலையை முழு நிகழ்வாகப் பார்த்தால் அது தொடங்கிய இடமே கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். தமிழர் இதைத் தனியாக மனப்பாடம் செய்யவே வேண்டாம். "எனக்கு அப்போதே தெரியும்", "எனக்கு நேற்றுதான் தெரிந்தது" என்ற இரண்டையும் நாம் குழப்பிக்கொள்வதே இல்லை. முன்னது யா லோ ஸபியா, பின்னது லோ ஸுப்பே அயேர். ஆட்களுக்கும் இதே கணக்குதான். "அவளை எனக்கு ஏற்கெனவே தெரியும்" என்றால் யா லா கொனொஸியா. "அவளை ஒரு திருமணத்தில்தான் முதலில் சந்தித்தேன்" என்றால் லா கொனொஸி என் உனா போதா.

"வேண்டும்" குடும்பத்திலும் தமிழ் நமக்கு முன்பே வேலையைச் செய்து வைத்திருக்கிறது. "ஊருக்குப் போகவேண்டியதாயிற்று" என்றால் போயாகிவிட்டது: துபே கே இர். "ஊருக்குப் போகவேண்டியிருந்தது" என்றால் கடமை இருந்தது. போனீர்களா இல்லையா என்பதை வாக்கியம் சொல்லவில்லை: தெனியா கே இர். விருந்துக்கு வராத நண்பரைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாடு மரியாதை சம்பந்தப்பட்டதாகவும் ஆகிவிடும். நோ கிஸோ பெனிர் என்றால் அவர் "வரமாட்டேன் என்றுவிட்டார்". நோ கெரியா பெனிர் என்றால் வர மனமில்லாமல் இருந்தார், கடைசியில் வந்தும் இருக்கலாம். இல்லாத மறுப்பை ஒருவர் தலையில் ஏற்றிவிடாமல் இருக்க இந்த ஒரு இணையை மட்டுமாவது நன்றாகப் பழகிக்கொள்வது நல்லது.

முடிதல் வினையில், புதே அப்ரிர் லா புவெர்தா என்றால் கதவைத் திறக்க முடிந்தது, திறந்தும் விட்டேன். பொதியா அப்ரிர்லா என்றால் திறக்கும் நிலையில் இருந்தேன், திறந்தேனா என்பது வேறு கதை. எதிர்மறையில் நோ புதே என்பது முயன்று தோற்றதைச் சொல்கிறது.

அறிகுறி: நேற்று வந்துபோன மாமா ப்லுஸ்குவாம்பெர்ஃபெக்தோவில் மாட்டிக்கொள்கிறார்

"நேற்று மாமா வீட்டுக்கு வந்திருந்தார்" என்பது நமக்கு மிக இயல்பான வாக்கியம். வந்தார், சற்று நேரம் இருந்தார், போய்விட்டார் என்பதே அதன் பொருள். இதை அப்படியே பெயர்த்து அயேர் அபியா பெனிதோ மி தியோ என்றால், எதற்கு முன்பு வந்திருந்தார் என்று ஸ்பானியர் காத்திருப்பார். திருத்தம் எளியது: அயேர் பினோ மி தியோ. அபியா வடிவத்தைப் பயன்படுத்தும்முன், இந்த நிகழ்வுக்குப் பின்னால் வந்த இன்னொரு கடந்தகால நிகழ்வை விரல்விட்டுக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் இந்தெஃபினிதோவே போதும்.

உண்மையிலேயே அது தேவைப்படும் இடத்தில் மூன்று வாக்கியங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும். ரயில் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்ததைச் சொல்கிறீர்கள். குவாந்தோ யெகே, எல் த்ரென் ஸலியா: நான் போய்ச் சேர்ந்தபோது ரயில் புறப்பட்டுக்கொண்டிருந்தது; ஓடினால் ஏறியிருக்கலாம். குவாந்தோ யெகே, எல் த்ரென் ஸலியோ: நான் போய்ச் சேர்ந்ததும் ரயில் புறப்பட்டது. குவாந்தோ யெகே, எல் த்ரென் யா அபியா ஸலிதோ: நான் போய்ச் சேர்ந்தபோது ரயில் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. முதல் இரண்டையும் பிரிப்பதில் கடைசி உயிரோடு அழுத்தத்துக்கும் பங்கு உண்டு: ஸலியாவில் "லி"யின் மேலும், ஸலியோவில் கடைசி "யோ"வின் மேலும் அது விழுகிறது.

இந்த வடிவத்துக்கு அந்தெஸ் மலைநாடுகளில் வேறொரு வாழ்க்கையும் உண்டு. பொலிவியாவிலும் அதை அடுத்த பகுதிகளிலும், அப்போதுதான் தெரியவந்த வியப்பைக் காட்ட இதைப் பயன்படுத்துகிறார்கள். அபியா ஸிதோ து எர்மானோ என்று ஒருவர் சொன்னால், "அட, இவர் உன் சகோதரரா!" என்று பொருள். கெச்சுவா, அய்மரா மொழிகளின் தாக்கம் இது என்று மொழியியலாளர் விளக்குகிறார்கள். லா பாஸ் நகரில் இதைக் கேட்டு உங்கள் இலக்கணத்தைச் சந்தேகிக்க வேண்டாம்.

அறிகுறி: "கொண்டிருந்தேன்" எல்லாம் எஸ்தாபாவோடு வருகிறது

"மதியம் முழுவதும் படித்துக்கொண்டிருந்தேன்" என்பதில் "முழுவதும்" இருக்கிறது, காலம் மூடப்பட்டுவிட்டது. ஆகவே எஸ்துபே லெயெந்தோ தோதா லா தார்தே. "படித்துக்கொண்டிருந்தேன், தொலைபேசி ஒலித்தது" என்றால் எஸ்தாபா லெயெந்தோ, வெறும் லெயியா என்றாலும் குற்றமில்லை. உண்மையில் கதை எழுதும்போது எல்லா வினைக்கும் எஸ்தாபா சேர்ப்பது உரைநடையைக் கனமாக்கிவிடுகிறது. "மழை பெய்துகொண்டிருந்தது" என்பதற்கு யோபியா என்ற ஒற்றைச் சொல் போதும்.

அறிகுறி: பிறர் பேச்சை எடுத்துச் சொல்லும்போது காலம் தப்புகிறது

தமிழில் "வருகிறேன் என்றான்" என்று அவன் வாய்ச்சொல்லை அப்படியே வைத்து "என்று" போட்டு முடித்துவிடுகிறோம். ஸ்பானியத்தில் கே என்ற இணைப்புக்குப் பிறகு வினை கடந்தகாலத்துக்குள் இழுக்கப்படுகிறது: திஹோ கே பெனியா. அவன் இன்னும் வழியில்தான் இருக்கிறான், வருகை இனிமேல்தான் என்றால் திஹோ கே பியெனே என்ற நிகழ்காலமும் ஏற்கப்படும். ஐயம் வந்தால் இம்பெர்ஃபெக்தோ பாதுகாப்பானது.

இதோடு ஒட்டிய இன்னொன்று: "உன்னைக் கூப்பிட இருந்தேன்" என்பதற்கு இபா அ யமார்தே மட்டுமே சரி. ஃபுயி அ யமார்தே என்றால் கூப்பிடுவதற்காக எழுந்து போனேன் என்றாகிவிடும்.

அறிகுறி: ஆசிரியர் ஒருவர் திருத்தியதை இன்னொருவர் மாற்றித் திருத்துகிறார்

இங்கே பிழை உங்களுடையதாக இல்லாமல் இருக்கலாம். இன்று காலை சாப்பிட்டதைச் சொல்ல, மாட்ரிட்டில் வளர்ந்தவர் எஸ்தா மஞானா எ தெஸயுனாதோ என்று பெர்ஃபெக்தோவில் சொல்வார். மெக்சிகோ நகரத்தவரும் புவெனஸ் ஐரிஸ்காரரும் தெஸயுனே என்று இந்தெஃபினிதோவில் சொல்வார்கள். பேசும் நாளோ வாரமோ இன்னும் முடியவில்லை என்றால் பெர்ஃபெக்தோ என்பது ஸ்பெயினின் பெரும்பகுதிக்குரிய வழக்கம். ஸ்பெயினுக்குள்ளேயே கலிசியா, அஸ்தூரியாஸ், கனாரித் தீவுகள் ஆகியவை இந்தெஃபினிதோவின் பக்கம் சாய்கின்றன. மெக்சிகோவில் பெர்ஃபெக்தோ, இன்னும் தொடர்வதற்கோ இன்னும் எதிர்பார்க்கப்படுவதற்கோ ஒதுக்கப்பட்டிருக்கிறது: நோ அ யெகாதோ என்றால் இன்னும் வரவில்லை, வருவார் என்று காத்திருக்கிறோம்.

இரண்டு நாட்டு ஆசிரியர்களிடம் படிப்பவர் ஒரு வழக்கைத் தேர்ந்துகொண்டு அதையே எழுத வேண்டும். ஸ்பெயின் அரசின் மொழி நிறுவனமான இன்ஸ்தித்துதோ செர்வாந்தெஸ் நடத்தும் தெலே என்ற ஸ்பானிய மொழித் திறன் தேர்வு ஒரு நாட்டின் வழக்கை மட்டும் வற்புறுத்துவதில்லை. ஆனால் ஒரே கட்டுரையில் இரண்டையும் கலந்தால் அது வழக்கு வேறுபாடாகத் தெரியாது, தடுமாற்றமாகவே தெரியும். ஸ்பெயின், லத்தீன் அமெரிக்கா என்ற இரு கரைகளிலும் பொதுவான கட்டளை ஒன்று உண்டு: அயேர் என்ற சொல்லோடு எ இதோ என்று பெர்ஃபெக்தோவைச் சேர்க்காதீர்கள். "நேற்றுப் போயிருக்கிறேன்" என்று தமிழில் சொல்வதைவிடவும் அது உறுத்தும்.

அறிகுறி: செய்தித்தாளும் குழந்தைகளும் விதியை மீறுகிறார்கள்

"இரண்டு நாள் கழித்து அந்தத் தளபதி இறந்தார்" என்ற முழு முடிந்த நிகழ்வை ஸ்பானியச் செய்தியாளர் மொரியா என்று இம்பெர்ஃபெக்தோவில் எழுதுவார். காட்சியை மெதுவாக ஓடவிடும் ஒரு நடை உத்தி அது. படித்துப் புரிந்துகொண்டால் போதும், உங்கள் கட்டுரையில் பின்பற்றத் தேவையில்லை. குழந்தைகள் விளையாட்டில் வேடம் பிரிக்கும்போதும், "நான் மருத்துவர், நீ நோயாளி" என்பதை யோ எரா எல் மெதிக்கோ என்று இதே காலத்தில்தான் சொல்கிறார்கள். கடையில் கெரியா உன் கஃபே என்று காபி கேட்பவரும் நேற்றைய ஆசையைச் சொல்லவில்லை, பணிவாகக் கேட்கிறார். இந்த ஒன்றை மட்டும் தயங்காமல் நகலெடுக்கலாம்.

அறிகுறி: காலம் சரியாகத் தேர்ந்தும் நிகழ்காலமாகக் கேட்கிறது

இது தேர்வுப் பிழை இல்லை, அழுத்தப் பிழை. ஆப்லோ என்ற சொல்லில் முதல் அசையை அழுத்தினால் "பேசுகிறேன்", கடைசி அசையை அழுத்தினால் "அவர் பேசினார்". தமிழில் சொல்லழுத்தம் பொருளை மாற்றுவதில்லை என்பதால் நம் காது இதற்குப் பழகவில்லை. எழுதும்போது கடைசி உயிரின் மேல் இட வேண்டிய குறியும் விடுபட்டுப்போகிறது. வாய்விட்டுப் படித்து, கடைசி அசையைச் சற்று மிகையாகவே அழுத்திப் பழகுங்கள். ஆப்லாமோஸ் என்ற "நாங்கள்" வடிவம் மட்டும் "பேசுகிறோம்", "பேசினோம்" இரண்டுக்கும் பெரும்பாலான இடங்களில் ஒன்றேதான். அங்கே அயேர் போன்ற ஒரு காலச்சொல்லைச் சேர்த்துவிடுங்கள்.